கரப்பான் உள்ள கைக்குழந்தைக்கு 'அலர்ஜி பேனல்' எடுக்கலாமா?

மார்ச் 2, காலை: கேள்வி

7 மாதக் குழந்தை. 3-ஆம் மாதத்திலிருந்து கன்னம், முழங்கை மடிப்பு, கால் என்று கரப்பான் (எக்சிமா) குறையவே இல்லை. ரத்தம் எடுத்து 'உணவு அலர்ஜி பேனல்' பார்த்ததில் பால், முட்டை, நிலக்கடலை, எள், கோதுமை, துவரம் பருப்பு, முந்திரி, மீன், கத்தரிக்காய் என 9 பொருளுக்குப் பாசிட்டிவ். இதில் குழந்தை இதுவரை சாப்பிட்டது கோதுமைக் கஞ்சியும் பருப்பு சாதமும்தான். ஒரு மாதமாகச் சாப்பிடுகிறது, ஒன்றும் ஆகவில்லை. தாய்ப்பால் உண்டு. அம்மாவும் சேர்த்து ஒன்பதையும் நிறுத்த வேண்டும் என்கிறார்கள். நிறுத்தலாமா? இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சோதனை உண்டா?

மார்ச் 2, இரவு

நிறுத்த வேண்டாம். கோதுமையையும் பருப்பையும் நாளைக்கும் கொடுங்கள். ஒரு மாதம் சாப்பிட்டு ஒன்றும் ஆகாத உணவுக்கு எந்த ரிப்போர்ட்டும் தேவையில்லை. குழந்தை சாப்பிட்டுக் காட்டியதே சோதனை.

முதலில் ரிப்போர்ட்டை எடுத்து ஒரே ஒரு எழுத்தைப் பாருங்கள். 'ஐஜிஇ' (IgE) என்று இருக்கிறதா, 'ஐஜிஜி' (IgG) என்று இருக்கிறதா? இரண்டும் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதங்கள்; உடனடி ஒவ்வாமையோடு தொடர்புள்ளது ஐஜிஇ. ஐஜிஜி என்றால் அந்தத் தாளை மடித்து வைத்துவிடலாம். ஒரு உணவு உடம்புக்குப் பழக்கம் என்பதை மட்டுமே ஐஜிஜி காட்டும். நன்றாகச் சாப்பிடுகிற எல்லோருக்கும் அது இருக்கும். ஐரோப்பிய ஒவ்வாமைக் கழகம் 2008-லேயே இதை உணவு ஒவ்வாமைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அமெரிக்க, கனடிய அமைப்புகளின் நிலையும் அதுதான். தலைமுடியை அனுப்பிப் பார்ப்பது, கையில் கருவியைப் பிடிக்க வைத்துப் பார்ப்பது எல்லாம் இதைவிட மோசம்.

ஐஜிஇ என்றால் பேச விஷயம் இருக்கிறது. அப்போதும் 'பாசிட்டிவ்' என்ற சொல்லுக்கு 'அலர்ஜி' என்று பொருள் இல்லை. உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்பது மட்டுமே பொருள். சாப்பிட்டால் காணாக்கடி வருமா, வாந்தி வருமா, ஒன்றுமே வராதா என்பது வேறு கேள்வி.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதற்குப் பக்கத்து மாநிலமே உதாரணம். கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. நூற்றுக்கு 26.5 பேருக்கு ஏதோ ஒரு உணவுக்கு ஐஜிஇ பாசிட்டிவ். அறிகுறியோடு சேர்த்துப் பார்த்து 'ஒவ்வாமையாக இருக்கலாம்' என்று சொல்ல முடிந்தது 1.2 பேருக்கு. ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து நிறுத்தியிருந்தால் மீதி 25 பேரும் காரணமில்லாமல் பத்தியம் இருந்திருப்பார்கள்.

மார்ச் 3

குழந்தை சாப்பிடாத பொருளுக்கு எப்படிப் பாசிட்டிவ் வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். தாய்ப்பால் வழியாகச் சிறிதளவு போகும். ஆனால் கரப்பான் உள்ள குழந்தைக்கு முக்கிய வழி தோல்தான். தோலின் மேலடுக்கு விரிசல் விட்டிருக்கிறது. வீட்டுத் தூசியில், படுக்கையில், தூக்குகிறவர்கள் கையில் இருக்கும் உணவுத் துகள் அந்த விரிசல் வழியே உள்ளே போகிறது. தோல் வழியாகப் போனால் உடம்பு எதிரியாகப் பார்க்கிறது, வாய் வழியாகப் போனால் பழகிக்கொள்கிறது. லண்டனில் ஒவ்வாமை மருத்துவர் கிடியன் லாக் முன்வைத்த விளக்கம் இது. பின்னால் வந்த ஆய்வுகள் பலவும் இதற்குப் பலம் சேர்த்தன.

அதனால் கரப்பானுக்கு உணவு காரணம் என்று தேடுவதைவிட, உணவு ஒவ்வாமைக்குக் கரப்பான் காரணம் என்று பார்ப்பதுதான் பெரும்பாலும் சரியான திசை. மெல்போர்னில் ஒரு வயதுக் குழந்தைகள் 5,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். கரப்பான் இருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு முட்டை, நிலக்கடலை, எள் இவற்றில் ஒன்றுக்கு உண்மையான ஒவ்வாமை. கரப்பான் இல்லாதவர்களில் 25-இல் ஒருவருக்கு.

மார்ச் 4: கேள்வி கேட்டவர்

ஐஜிஇ தான். மொத்த ஐஜிஇ 2,100. தனித்தனியாக: முட்டை வெள்ளைக்கரு 6.2, நிலக்கடலை 1.1, பால் 0.9, கோதுமை 0.6. மற்றதெல்லாம் 0.4-க்கும் 0.7-க்கும் இடையில். 0.35-க்கு மேல் எல்லாம் சிவப்பில் அச்சடித்திருக்கிறார்கள்.

மார்ச் 4, இரவு

சிவப்பு மையை மறந்துவிடுங்கள். 0.35 என்பது கருவி 'இருக்கிறது' என்று சொல்லும் கோடு, நோய்க் கோடு அல்ல. அதோடு, மொத்த ஐஜிஇ ஆயிரக்கணக்கில் ஏறிய குழந்தைக்கு எதைப் பார்த்தாலும் 0.4, 0.6 என்று சில்லறை எண்கள் வரும். கரப்பான் கடுமையாக இருக்கும்போது எடுத்த பேனலில் இது வழக்கம்.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கோதுமை, துவரம் பருப்பு: சாப்பிடுகிறது. தொடரட்டும்.

கத்தரிக்காய், மீன், முந்திரி, எள்: யாரும் சந்தேகப்படாத பொருளுக்குச் சோதனை எடுத்ததால் வந்த சிக்கல் இது. முழுப் பேனல் எடுக்கவே கூடாது என்பதற்குக் காரணமும் இதுதான். கத்தரிக்காயை வழக்கமாகக் கொடுக்கும் வயதில் கொடுங்கள். எள், முந்திரி, மீன் மூன்றையும் ஒவ்வாமை மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

பால்: நேரடியாகப் பசும்பாலோ பால்மாவோ கொடுத்ததில்லை என்றால் 0.9 எந்தப் பக்கமும் சாயாத எண். அம்மா மோரும் காபியும் விட வேண்டியதில்லை.

நிலக்கடலை 1.1: வீட்டில் முதல்முறை கொடுக்க வேண்டாம். தோலில் ஊசிக்குத்துச் சோதனை செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டியது இது.

முட்டை 6.2: இதை மட்டும் கவனமாக எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஒவ்வாமை ஆய்வாளர் சாம்ப்சன் 2001-இல் கொடுத்த அளவுகோலில், 2 வயதுக்குள் முட்டைக்கு 2-க்கு மேல் போனால் 95 விழுக்காடு ஒவ்வாமைதான். பெரிய குழந்தைக்கு அதே கோடு 7. நிலக்கடலைக்கு 14, பாலுக்கு 15. பால் விஷயத்தில் ஒரு வயதுக்குள் 5 என்பது ஸ்பெயினில் கண்டது. 9 பொருளில் முட்டை ஒன்று என்பதுதான் இந்த ரிப்போர்ட்டின் நிகரச் செய்தி.

மார்ச் 5

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். அந்த 95 விழுக்காட்டு எண்களை அப்படியே எல்லா ஆய்வகத்துக்கும் பொருத்தக்கூடாது. அவை ஒவ்வாமைச் சிறப்பு மருத்துவமனைக்கு ஏற்கெனவே அறிகுறியோடு வந்த குழந்தைகளிடம், ஒரு குறிப்பிட்ட முறையில் அளந்தவை. ஆய்வக முறை மாறினால் எண்ணும் மாறும். ரிப்போர்ட்டின் அடியில் முறையின் பெயர் இருக்கும். மருத்துவரிடம் அதையும் காட்டுங்கள். மறுபடி எடுப்பதானால் அதே முறையில் எடுங்கள். இல்லையென்றால் ஏறியதா இறங்கியதா என்று தெரியாது.

எண் பெரிதானால் எதிர்வினையின் கடுமையும் பெரிதாகும் என்பதும் தவறு. எண் சொல்வது வருவதற்கான வாய்ப்பை. எவ்வளவு கடுமையாக வரும் என்பதை அது சொல்வதில்லை.

மார்ச் 7: ஊசிக்குத்துச் சோதனை, முழுதாக

பலரும் பயப்படுவதால் விரிவாக. இதில் ஊசி போடுவது கிடையாது.

அம்மா மடியில் குழந்தையைக் குப்புறச் சாய்த்து முதுகைக் காட்ட வைப்பார்கள். கைக்குழந்தைக்கு முன்கையில் இடம் போதாது. பேனாவால் குறி போட்டு, குறிக்கு 2 செ.மீ. இடைவெளி விட்டு ஒவ்வொரு பொருளின் சாறும் ஒரு சொட்டு. ஒவ்வொரு சொட்டின் நடுவிலும் 1 மி.மீ. முனையுள்ள லான்செட்டால் (சிறு குத்தூசி) ஒரு குத்து. ஒரு சொட்டுக்கு ஒரு லான்செட். துடைத்துவிட்டு அதையே அடுத்ததற்குப் பயன்படுத்தினால் சாறு கலந்துவிடும். ரத்தம் வரக்கூடாது. இரண்டு சொட்டு கட்டாயம் கூடுதலாக இருக்க வேண்டும்: ஹிஸ்டமின், உப்பு நீர். ஹிஸ்டமின் தடித்தே ஆக வேண்டும், உப்பு நீர் தடிக்கவே கூடாது. இந்த இரண்டும் இல்லாமல் செய்த சோதனை செல்லாது.

15 நிமிடம் கழித்து அளப்பார்கள். அளப்பது மேடாக எழும்பிய தடிப்பை. சுற்றியுள்ள சிவப்பை அல்ல. நீளமான விட்டத்தையும் அதற்குக் குறுக்கு விட்டத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தது அளவு. உப்பு நீரைவிட 3 மி.மீ. கூடுதல் என்றால் பாசிட்டிவ். ரிப்போர்ட்டில் '2+', '3+' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் மி.மீ. எழுதித் தரக் கேளுங்கள். பிறகு ஒப்பிட அது வேண்டும்.

கெட்டுப்போகும் இடங்கள் இவை. அரிப்புக்குக் கொடுக்கும் அலர்ஜி மருந்தான செட்டிரிசின் கொடுத்திருந்தால் ஹிஸ்டமினே தடிக்காது; 7 நாள் முன்பே நிறுத்த வேண்டும். அலர்ஜி மருந்து எதுவும் கொடுக்கவில்லை என்று சொல்லும் வீட்டில் சளி சிரப் இருக்கும், அதில் குளோர்பெனிரமின் இருக்கும். பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள். பாராசிட்டமாலால் தொல்லை இல்லை. முதுகில் கரப்பான் பூத்திருந்தால் அங்கே குத்த முடியாது. அன்று முதுகில் எண்ணெயோ களிம்போ வேண்டாம், சொட்டு வழிந்து ஒன்றோடொன்று சேரும். முதுகில் ஸ்டீராய்டு களிம்பு போட்டு வந்திருந்தால் தடிப்பு சிறிதாகும். எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று முன்கூட்டியே கேளுங்கள். செட்டிரிசினை நிறுத்த முடியாத குழந்தைக்கு ரத்தச் சோதனைதான் வழி. அதை இந்த மருந்துகள் மறைப்பதில்லை.

பழம், பால், முட்டைக்குக் கடைச் சாறு இல்லாமல் நேரடியாகவும் செய்வார்கள்: லான்செட்டை முதலில் பழத்தில் குத்தி, அதே முனையால் தோலில் குத்துவது. நம் ஊர்ப் பொருள்கள் பலவற்றுக்கு ஆயத்தச் சாறு கிடைக்காது, அப்போது இதுதான் கைகொடுக்கும். அந்தப் பொருளைச் சிறு டப்பாவில், மற்றதோடு கலக்காமல், வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும்.

மார்ச் 7, பின்னிரவு

மேலே '3 மி.மீ. என்றால் பாசிட்டிவ்' என்று எழுதியதைப் படித்துவிட்டு யாரும் 3 மி.மீ. வந்ததும் உணவை நிறுத்திவிட வேண்டாம். கைக்குழந்தைக்கு உறுதியாகச் சொல்லக்கூடிய அளவு வேறு. ஆஸ்திரேலியாவில் 2000-இல் கண்டபடி, 2 வயதுக்குள் பாலுக்கு 6, முட்டைக்கு 5, நிலக்கடலைக்கு 4 மி.மீ. தொட்டவர்கள் எல்லோருமே சாப்பிட்டபோது எதிர்வினை காட்டினார்கள். அதற்குக் கீழே 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.'

நெகட்டிவ் வந்தால் மதிப்பு அதிகம். உடனடி ஒவ்வாமை இல்லை என்று ஓரளவு நம்பிச் சொல்ல இந்தச் சோதனை பாசிட்டிவைவிட நெகட்டிவில்தான் உதவும்.

மார்ச் 9

ஒருவர் கேட்டது: "கடலைமாவு, பயத்தமாவு தேய்த்துக் குளிப்பாட்டுகிறோமே, அதனாலா?"

வெடித்த தோலில் எந்த உணவுப் பொருளையும் தேய்க்காதீர்கள். நிலக்கடலை எண்ணெய் கலந்த களிம்பைக் கரப்பானுக்குப் பூசிய குழந்தைகளிடம் நிலக்கடலை ஒவ்வாமை அதிகம் என்று இங்கிலாந்தில் 2003-இல் கண்டார்கள். ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த முகச் சோப்பைப் போட்ட 2,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கோதுமை ஒவ்வாமையே வந்தது. பெரும்பாலோர் அதுவரை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர்கள். நேரடி ஆதாரம் இந்த இரண்டுக்கும்தான். கடலைமாவுக்கும் பயத்தமாவுக்கும் இதை ஒப்பிட்டுச் சொல்கிறேன். நல்லெண்ணெய் எள், கடுகெண்ணெய் கடுகு என்பதையும் நினைவில் வையுங்கள். ஆலிவ் எண்ணெய் தோலின் மேலடுக்கை மேலும் கெடுக்கும்.

தோலுக்குச் செய்ய வேண்டியது: வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடக் குளியல், துண்டால் ஒற்றி எடுத்து ஈரம் காயும் முன் மணமில்லாத ஈரக் களிம்பு, நாளுக்கு இரண்டு முறையாவது. வாரத்துக்கு 250 கிராம் வரை ஆகும். 30 கிராம் ட்யூப் மாதம் முழுக்க வருகிறது என்றால் போதவில்லை என்று பொருள். சிவந்த இடத்தில் மருத்துவர் எழுதிய ஸ்டீராய்டு களிம்பு: பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனி மடிப்பு வரை பிதுக்கினால் அரை கிராம். அது பெரியவரின் இரண்டு உள்ளங்கை (விரல்களும் சேர்த்து) அளவு இடத்துக்குப் போதும். பயந்து பயந்து பொட்டு வைப்பதுபோல் தொட்டுவைத்தால் கரப்பான் அடங்காது. சமையல் கையோடு களிம்பு பூசாதீர்கள், சோப்பு போட்டுக் கழுவுங்கள். டப்பாவில் விரலை விடாமல் கரண்டியால் எடுங்கள்.

ஒழுங்காக இரண்டு மூன்று வாரம் இதைச் செய்தபின்னும் தோல் அடங்காவிட்டால், அப்போது உணவைச் சந்தேகியுங்கள். 'உணவு அலர்ஜி' என்று வருகிற கரப்பானில் பாதி, களிம்பு போதாத கரப்பான்.

மார்ச் 10

மேலே 'பாதி' என்று எழுதியது பேச்சு வழக்கு, கணக்கு அல்ல. நிறைய என்று படித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 12: நிறுத்தினால் என்ன கெடுதல்?

'பாதுகாப்புக்குச் சில மாதம் நிறுத்திப் பார்க்கலாமே' என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். இங்கேதான் எனக்கு உண்மையிலேயே பயம்.

ஐஜிஇ பாசிட்டிவாக இருந்தும் தாராளமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் குழந்தைக்கு, அந்தச் சாப்பாடுதான் காவல். அதைச் சில மாதம் நிறுத்திவிட்டு மறுபடி கொடுத்தபோது, முன்பு கரப்பான் மட்டும் இருந்த குழந்தைகளுக்கு முதல்முறையாக உடனடி ஒவ்வாமை வந்திருக்கிறது; சிலருக்கு அனாஃபிலாக்சிஸ் (உயிருக்கு ஆபத்தான கடும் ஒவ்வாமை) வரை போயிருக்கிறது. பேனலை நம்பி நிறுத்துவதால் இல்லாத ஒவ்வாமையை நாமே உண்டாக்கிவிடக்கூடும்.

மறுபக்கம், சீக்கிரம் கொடுப்பதால் கிடைக்கும் பயன் பெரிது. லண்டனில் நடந்து 2015-இல் வெளியான லீப் ஆய்வில் 640 குழந்தைகள், 4 முதல் 11 மாதம், எல்லோருக்கும் கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இரண்டுமோ. ஊசிக்குத்தில் நெகட்டிவாக இருந்தவர்களில், நிலக்கடலையை 5 வயது வரை தவிர்த்தவர்களுக்கு ஒவ்வாமை 13.7 விழுக்காடு, வாராவாரம் சாப்பிட்டவர்களுக்கு 1.9. சோதனையில் 1 முதல் 4 மி.மீ. தடித்தவர்களில்கூட 35.3-க்கு எதிராக 10.6. அந்தச் சிறு தடிப்பு 'கொடுக்காதே' என்று சொல்லவில்லை, 'சீக்கிரம் கொடு, ஆனால் மருத்துவமனையில் வைத்துக் கொடு' என்று சொன்னது.

முட்டைக்கு ஜப்பானில் 2017-இல் வெளியானது. கரப்பானை நன்றாக அடக்கிவிட்டு, 6 மாதத்திலிருந்து நாளுக்கு 50 மி.கி. வேகவைத்த முட்டைப் பொடி, 9 மாதத்திலிருந்து 250 மி.கி. ஒரு வயதில் ஒவ்வாமை 8 விழுக்காடு, கொடுக்காதவர்களுக்கு 38. 50 மி.கி. பொடி என்பது 0.2 கிராம் அவித்த முட்டை, மிகச் சிறிய துணுக்குதான். ஆஸ்திரேலியாவில் இதையே வேகவைக்காத முட்டைப் பொடியால் செய்தபோது மூன்றில் ஒரு குழந்தைக்குப் பக்கம் எதிர்வினை வந்தது. ஆகவே அரைவேக்காடு, ஆஃப்பாயில் எதுவும் வேண்டாம். முட்டை 15 நிமிடமாவது வேக வேண்டும்.

மேலே கேள்வி கேட்டவருக்கு: உங்கள் 6.2-க்கு இந்த ஜப்பான் முறையை வீட்டில் செய்யாதீர்கள்.

மார்ச் 13

மஞ்சள் கரு மட்டும் கொடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை, அதனால் முட்டை ஒத்துக்கொள்கிறது என்பது சரியில்லை. ஒவ்வாமை தரும் புரதங்கள் பெரும்பாலும் வெள்ளையில். அவித்த முட்டையை உரிக்காமல் நேரம் கடத்தினால் வெள்ளையின் புரதம் மஞ்சளுக்குள் ஊறும் என்பதால், மஞ்சள் மட்டும் வேண்டுமென்றால் அவித்த உடனே பிரிக்க வேண்டும்.

மார்ச் 15: நிலக்கடலை, வீட்டு அளவு

இது மருத்துவர் 'வீட்டில் கொடுக்கலாம்' என்று சொன்ன குழந்தைக்கு. வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 8 கிராம், அதில் சுமார் 2 கிராம் புரதம். எண்ணெய் விடும் வரை விழுதாக அரைத்து, இரண்டு மூன்று தேக்கரண்டி வெந்நீரில் கரைத்துக் கஞ்சிப் பதம். ஆறவிட்டுக் கரண்டி நுனியில் முதல் வாய். 10 நிமிடம் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் மீதியை மெதுவாக. பிறகு 2 மணி நேரம் குழந்தையோடு இருங்கள். காலையில் செய்யுங்கள், தூங்கும் நேரத்துக்கு முன் வேண்டாம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தடுப்பூசி நாளில் வேண்டாம். ஒத்துக்கொண்டால் வாரம் மூன்று முறை, மொத்தம் 6 கிராம் புரதம். முழுக் கடலை, உடைத்த கடலை, கடலை மிட்டாய் கூடவே கூடாது, மூச்சுக்குழலில் அடைக்கும். கெட்டி விழுதாகவும் கொடுக்காதீர்கள்.

மார்ச் 15, மாலை

சத்துமாவு. இதைச் சொல்ல மறந்தேன். கோதுமை, பொட்டுக்கடலை, நிலக்கடலை, முந்திரி, பாதாம், ஏலக்காய் என்று பத்துப் பன்னிரண்டு பொருளை ஒன்றாக அரைத்து, அதைப் பாலில் காய்ச்சி, சோறூட்டிய மறுவாரம் கொடுக்கிறோம். தடிப்பு வந்தால் எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. பேனல் எடுக்கும் பழக்கத்துக்குப் பாதிக் காரணம் இதுதான் என்று தோன்றுகிறது. தனித்தனியாக ஒரு சுற்று கொடுத்து முடித்தபின் சத்துமாவு அரையுங்கள்.

மார்ச் 18: சோதனையில் சிக்காதவை

ஏதோ ஒரு உணவு கொடுத்து ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் அடுக்கடுக்காக வாந்தி, குழந்தை வெளிறித் துவண்டுபோவது, தோலில் ஒரு தடிப்பும் இல்லை. உணவுப் புரதத்தால் வரும் குடல் அழற்சி இப்படி இருக்கும். ரத்தமும் ஊசிக்குத்தும் பெரும்பாலும் நெகட்டிவ். பால், சோயா மட்டுமல்ல, அரிசியும் காரணமாகலாம் என்பதை நம் ஊரில் யாரும் நினைப்பதில்லை. நீர்ச்சத்து ஏற்றவேண்டி வரும், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தாய்ப்பால் மட்டும் குடித்து நன்றாக எடை ஏறும் குழந்தையின் மலத்தில் ரத்தக் கோடு: இதற்கும் ஐஜிஇ பயன்படாது. அம்மா பாலை 2 முதல் 4 வாரம் நிறுத்தி, சரியானால் மறுபடி சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த இரண்டாம் படியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதனால் அம்மா வருடக்கணக்கில் பத்தியம் இருக்கிறார்.

வாயைச் சுற்றி மட்டும் சிவந்து அரை மணியில் மறைவது, தக்காளி, ரசம், எலுமிச்சை என்றால், தோல் எரிச்சல்தான். ஊட்டும் முன் வாயைச் சுற்றி வாசலின் தடவுங்கள்.

பசும்பால் ஒவ்வாமை உறுதியான குழந்தைக்கு ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் மாற்று அல்ல; புரதம் அவ்வளவு ஒத்தது. கழுதைப்பால் சங்கில் ஊற்றுவது ஒவ்வாமைக்கு மருந்தல்ல. அதில் கொழுப்பு மிகக் குறைவு, வளரும் குழந்தைக்குப் போதாது.

மார்ச் 21: கேள்வி கேட்டவர்

ஊசிக்குத்து செய்தாயிற்று. முட்டை 6 மி.மீ., நிலக்கடலை 2, பால் 1, உப்பு நீர் 0. நிலக்கடலைக்கு மருத்துவமனையில் 'சேலஞ்ச்' என்கிறார்கள். என்ன நடக்கும்?

மார்ச் 21, இரவு

நல்ல செய்தி. முட்டையை இப்போதைக்குத் தொடாதீர்கள். 6 முதல் 12 மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் கேக்கில் நன்றாக வெந்த முட்டையைத் தாங்குவார்கள், அங்கிருந்து தொடங்கலாமா என்று அப்போது கேளுங்கள். தட்டம்மைத் தடுப்பூசியை முட்டைக்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

சேலஞ்ச் என்பது மருத்துவர் கண் முன்னால் கடலையைச் சாப்பிட வைத்துப் பார்ப்பது. அந்த நாள்: செட்டிரிசின் நிறுத்தியிருக்க வேண்டும், குழந்தைக்குச் சளி, காய்ச்சல் கூடாது, கரப்பான் அடங்கியிருக்க வேண்டும். பூத்த தோலில் புதுத் தடிப்பைக் கண்டுபிடிக்க முடியாது. எடை பார்த்து, கடும் ஒவ்வாமை வந்தால் போட வேண்டிய அட்ரினலின் அளவை முன்கூட்டியே எழுதி வைப்பார்கள்: கிலோவுக்கு 0.01 மி.கி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். 8 கிலோவுக்கு 0.08 மி.கி. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் சேலஞ்ச் செய்யக் கூடாது. பிறகு மிகச் சிறிய அளவில் தொடங்கி, 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய மும்மடங்காக ஏற்றிக்கொண்டே போவார்கள். கடைசி வாய்க்குப் பின் 2 மணி நேரம் அங்கேயே. அரை நாள் ஆகும். பிடித்த கூழ் கொண்டுபோங்கள், கடலை விழுதின் சுவை பிடிக்காமல் துப்பினால் அதில் கலந்து ஊட்டலாம். பாதியில் துப்பிவிட்டு நின்றுபோன சேலஞ்சை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மாற்று உடை இரண்டு.

தேறியதும் பெரும்பாலோர் செய்யும் தவறு, 'அலர்ஜி இல்லை' என்ற நிம்மதியோடு கடலையை மறந்துவிடுவது. அந்த வாரத்திலிருந்தே வாரம் மூன்று நாள் கொடுங்கள். எந்தெந்தக் கிழமை என்று சமையலறைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.